கை பட்ட சுவர்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். ஆட்களை அப்புறம்தான் பார்ப்பேன். பெயின்டுக்கு அடியில் பூசுகிற பட்டியை ஒழுங்காகத் தேய்த்திருக்கிறார்களா, ரோலர் எட்டாத மூலையைப் பிரஷ்ஷால் அடித்திருக்கிறார்களா, ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கிறதா என்று கண் தானாக ஓடிவிடும். வீட்டார் வாங்க, உட்காருங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் கூரை ஓரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். "மனுஷங்க மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்று என் மனைவி இடுப்பில் இடிப்பாள். இத்தனை வருஷமாக இடித்து இடித்து அவள் முழங்கைதான் தேய்ந்தது.

அப்படிப்பட்ட பெயின்டர் குடியிருந்த வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ஊரார் வீட்டையெல்லாம் பளிச்சென்று ஆக்கிவிட்டு வருகிறவனுக்கு லீவு நாளில் பிரஷ்ஷைக் கண்டாலே எரிச்சல் வரும். அடுத்த மாதம் அடிக்கலாம், அடுத்த மாதம் அடிக்கலாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். அடுப்பங்கரைச் சுவரில் எண்ணெய் தெறித்த மஞ்சள், அலமாரியை இழுத்த இடத்தில் கீறல், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பென்சிலால் கிறுக்கியது என்று எல்லாம் அப்படியே இருந்தன. போதாததற்குப் போன வருஷம் நானும் என் பங்குக்கு ஒரு பெரிய கறையைச் சேர்த்தேன்.

அது இப்படித்தான். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை. சாரத்தில் நின்று ஜன்னலின் மேல்பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன். கட்டு நழுவியது. பெரிய உயரம் ஒன்றுமில்லை, விழுந்த விதம்தான் சரியில்லை. தொடையெலும்பும் முழங்காலும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒன்றாக முறிந்தன. கீழே பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த என் கூட்டாளி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளில் எங்கள் மாடிப்படியில் என்னை நாற்காலியோடு தூக்கி ஏற்றியவனும் அவன்தான். நான் பூஞ்சை உடம்புக்காரன் இல்லை. அன்று அவன் சட்டை முதுகோடு ஒட்டிப் பிழியப் பிழிய நனைந்திருந்தது.

அதன்பிறகு மாதக்கணக்கில் படுக்கை. நான் நல்ல நோயாளி இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஏன் சுடுகிறது, மின்விசிறி ஏன் முனகுகிறது, ஜன்னலை ஏன் திறந்தாய், ஏன் மூடினாய் என்று வீட்டிலிருந்த இரண்டு பெண்களையும் பாடாய்ப் படுத்தினேன். என் மனைவி எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். எனக்குத் துணையாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான், மகள் தூக்கிப்போட்டிருந்த பழைய டேப்லெட் ஒன்றை எடுத்து, அதன் திரையில் விரலாலேயே வரைய ஆரம்பித்தாள்.

வரைவது அவளுக்குப் புதிதல்ல. அவள் ஒரு பேக்கரியில் கேக் மேல் பூப்போட்டுப் பெயர் எழுதுகிறவள். அவள் போடும் ரோஜாவைப் பார்த்தால் தண்ணீர் தெளிக்கத் தோன்றும். என்ன பிரயோஜனம்? அவள் வரைந்தது அத்தனையையும் ஊர் தின்றே தீர்த்துவிட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை.

"என்ன வரையுற?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா."

எட்டிப் பார்த்தால் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். நான் எழுந்து, நடந்து, கைத்தடியையும் மூலையில் சாத்திய பிறகுதான் ஒரு நாள் அதை என் மடியில் வைத்தாள்.

முதல் படம் ஒரு முதுகு. நனைந்த சட்டை, அதன் இரண்டு பக்கமும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நாற்காலிக் கால்கள். ஏணியேதான். அடுத்தது ஒரு கால்சட்டை. கட்டுப் போட்ட கால் நுழையாது என்று, கீழ்வீட்டுத் தையல்காரம்மா என் கால்சட்டைகளை ஓரமாகப் பிரித்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வரிசையாகப் பொத்தான் வைத்துத் தந்தார். கைக்குக் கிடைத்த பொத்தானெல்லாம் வைத்ததால் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று குழந்தைச் சட்டையிலிருந்து எடுத்த வாத்து. அந்த வாத்தைக்கூட அவள் விடவில்லை.

பிறகு ஒரு கட்டைவிரல், என் முழங்காலை அழுத்திக்கொண்டு. அது என் காலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோ பெண்ணுடையது. அந்த விரலை நான் எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்கடுத்து ஒரு டிரில் மிஷின், சுவரிலிருந்து கொட்டும் வெள்ளைத் தூள், குளியலறைக் கைப்பிடி. எங்கள் வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடித்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிற ஆள். நான் குளியலறையில் வழுக்கிய மறுநாள் யாரும் கேட்காமலே டிரில்லோடு வந்து, தன் சொந்தச் சுவரைத் தானே குடைந்து அந்தக் கைப்பிடியைப் பொருத்திவிட்டுப் போனார். கடைசியில் எங்கள் மகள். வேலையிலிருந்து வந்து, கடை அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே என் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனவள்.

மகள் படத்தைத் தவிர வேறொன்றிலும் முகம் இல்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் யார் என்று தெரிந்துவிடும். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தபடி, "காலை ஒடிச்சுக்கிட்டது நான். எனக்கு ஒரு படம் இல்லையா?" என்றேன்.

"இருக்கு. எல்லாரும் வர்ற அன்னைக்குக் காட்டுறேன்."

"யாரு வர்றாங்க?"

"இவங்கதான். ஒரு நாள் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடணும்ங்க. ஓடுன ஓட்டத்துல யாருக்கும் ஒரு நன்றிகூடச் சொல்லல. வாயால சொல்லப்போனா அழுதுருவேன். அதனால இதக் காட்டணும்."

இவள் பேசுவதை நான் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தேன். பேக்கரி முதலாளி கேக்கைப் புகழ்ந்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறவள். தான் வரைந்ததை இதுவரை ஒரு மனிதருக்கும் தானாகக் காட்டியதில்லை. அவள் வாய்திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான். அதை எப்படியாவது நன்றாக நடத்திக் கொடுக்க வேண்டும் என்று நான் முடிவு பண்ணினேன்.

படங்களைப் பெரிதாக அச்செடுத்து மாட்டலாம் என்றால் ஆணி அடிக்க முடியாது. வழி கண்டுபிடித்தவள் மகள். அவள் ஒரு சோபா, கட்டில் விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். வாங்க வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தைப் போன் கேமராவில் பார்த்தால், அங்கே அந்த சோபா கிடப்பதுபோலத் தெரியுமாம். நாம் நடந்தால் சுற்றிவந்து அதன் முதுகையும் பார்க்கலாமாம். ஆக்மென்டட் ரியாலிட்டி என்று அதற்குப் பெயர் சொன்னாள். "சோபாவுக்குப் பதிலா அம்மா படத்த வெக்கப்போறேன். அவ்வளவுதான்பா. நம்ம வீடே ஓவியக் கண்காட்சி."

"வெறும் கண்ணால பாத்தா?"

"வெறும் சுவர்தான். போன் வழியா பாத்தாதான் படம்."

அங்கேதான் எனக்கு முதல் முள் குத்தியது. வருகிறவர்கள் படத்தைப் போனில் பார்ப்பார்கள், சரி. போனை இறக்கினால் என் சுவரைத்தானே பார்ப்பார்கள்?

ஒரு வாரம் மாலை நேரங்களில் அம்மாவும் மகளும் வீட்டையே அளந்தார்கள். மகள் போனை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணம் ஏந்தியவள்போல அடிமேல் அடிவைத்துச் சுவரோரம் நடப்பாள். போன் வீட்டைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அம்மா பின்னாலேயே போய் இடம் சொல்வாள். ஏணியின் முதுகு வாசல் கதவுக்குப் பக்கத்தில். பொத்தான் கால்சட்டை அலமாரி ஓரத்தில், உண்மையில் அது தொங்கிய இடத்திலேயே. கட்டைவிரல் என் தலைமாட்டில். டிரில் குளியலறைக்கு வெளியே. யார் எங்கே நின்று எங்களைத் தாங்கினார்களோ, அவர்களுடைய படம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

நானும் மகளுடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். போன் சுவரைப் பார்க்கப் பார்க்க, திரையில் மஞ்சள் புள்ளிகள் வந்து விழுந்தன. சும்மா விழவில்லை. எண்ணெய்க் கறைமேல் ஒரு கொத்து, கீறல் நெடுக ஒரு வரிசை, பென்சில் கிறுக்கல்மேல் ஒரு கூட்டம். நடைவழிக்கு வந்ததும் கேட்கவே வேண்டாம், பொலபொலவென்று கொட்டின.

நடைவழியில் இருந்தது என் கைங்கரியம். கட்டிலிலிருந்து குளியலறைவரை நான் நடந்து பழகிய நாட்களில் அந்தச் சுவர்தான் எனக்கு ஊன்றுகோல். முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவேன். அதனால் சுவிட்ச் போர்டுக்குக் கீழே, நடைவழி நெடுக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுப்புக் கைத்தடங்கள். எந்த வீட்டிலாவது இப்படி ஒரு சுவரைப் பார்த்திருந்தால் வீட்டாரை வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்து எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அழுக்கு எங்கே எங்கே என்று போன் தேடித்தேடிப் புள்ளி வைக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பெயின்டரின் வீட்டுக்குள் வந்து ஒரு போன் குற்றம் கண்டுபிடிக்கிறது! யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகள் ஒரே வரியில் விளக்கியிருப்பாள். ஆனால் கேட்க எனக்கு வெட்கம்.

சனிக்கிழமை, மனைவியின் தங்கை வீடு மாறுகிறாள் என்று அம்மாவும் மகளும் ஒத்தாசைக்குப் போனார்கள். அங்கேயே தங்கிவிட்டு ஞாயிறு காலை வருவதாக ஏற்பாடு. விருந்தாளிகள் வருவது ஞாயிறு மாலை. இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு எப்போது வரும்? பெயின்ட் அடித்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அதே வெள்ளைதானே?" என்று மட்டும் கேட்டார். ஏணியை வரச் சொன்னேன்.

"அண்ணே, அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான் அவன், ரோலரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபடி.

"சொன்னா அது ஆச்சரியமாடா?"

"கால் வலிக்காதா?"

"நீ மேல அடி. நான் கீழ அடிக்கிறேன். ஏணி பக்கம் போனா உங்க அண்ணி என்னத் தொலைச்சுருவா. இந்த ஏணி பக்கம் போகலாமில்ல?"

விழுந்ததற்குப் பிறகு நான் பிரஷ்ஷைப் பிடித்த முதல் நாள் அது. கறை மேலே வராதிருக்க முதலில் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். கை எதையும் மறக்கவில்லை. நடைவழிச் சுவரை வேறு யாரையும் தொடவிடாமல் நானே அடித்தேன். ரோலரை ஒருமுறை இழுத்தேன், தடங்கள் மங்கின. இன்னொருமுறை இழுத்தேன், மறைந்தே போயின. அவ்வளவு மாதமாக நான் பட்ட பாடு அந்த வெள்ளைக்குள் போய்விட்டது, விட்டது பீடை என்று இருந்தது. சாயங்காலம் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் பார்த்தேன். சுவர் பால்போல இருந்தது. எனக்காக அவள் பட்டதற்கு என்னால் செய்ய முடிந்தது இதுதான் என்று நினைத்தபோது மனது நிறைந்துவிட்டது. எனக்கு வேறு என்ன தெரியும், சொல்லுங்கள்.

ஞாயிறு காலை கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன் என்றே சொல்லலாம். மனைவி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். கூடத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நடைவழிக்குப் போனாள். சுவிட்ச் போர்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் அடிச்சிட்டீங்களா?"

"எல்லாத்தையும்" என்றேன் பெருமையாக. "ரெண்டு கோட்."

அவள் திரும்பவில்லை. மகள் ஓடிப்போய்ப் போனைத் திறந்து கூடத்தைச் சுற்றினாள். ஏணியின் முதுகு ஒரு கணம் மின்விசிறியில் தொங்கியது. கால்சட்டை கூடத்தின் நடுவில் அந்தரத்தில் நின்று, மெதுவாக நழுவி, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. புள்ளிகளும் விழவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"அப்பா, போனுக்கு நம்ம வீட்ட எப்படித் தெரியும்னு நெனச்சீங்க? அந்தக் கறையும் கீறலும்தான்பா அதுக்கு அடையாளம். வெறும் வெள்ளையக் காட்டுனா அது எங்க நிக்குதுன்னே அதுக்குப் புரியாது."

"அப்ப அந்தப் புள்ளி... அழுக்கக் காட்டல?"

"இடம் கண்டுபிடிக்குதுப்பா!"

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. "யாராவது சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன கண்டேன்? வீடு சுத்தமா இருக்கட்டும்னு செஞ்சது ஒரு குத்தமா?" என்று கத்தினேன். தப்பு நம் பக்கம் இருக்கும்போதுதானே குரல் இன்னும் மேலே போகும்.

மனைவி அப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"உங்க படம் எதுன்னு கேட்டீங்களே. இதுதாங்க."

"எது?"

"இந்தச் சுவத்துல இருந்தது. நான் ஒண்ணும் வரையல. ஒரு சட்டம் மட்டும்தான் வரைஞ்சேன், அந்தக் கைத்தடத்தச் சுத்தி வர்ற மாதிரி. நான் என்னத்த வரையுறது? மொத நாள் ரெண்டடி போயிட்டு அழுதீங்க. மறுநாள் அஞ்சடி. அதெல்லாம் நீங்களே வரைஞ்சு வெச்சிருந்தீங்க. தெனமும் விளக்கணைக்கும்போது அதப் பாத்துட்டுத்தான் படுப்பேன்."

அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து, "எல்லாருக்கும் போன் பண்ணி இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிரு" என்று மகளிடம் மட்டும் சொன்னாள்.

நான் என் சுவரைப் பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு சுவரைப் பார்த்து அழவேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். குறையே சொல்ல முடியாத வேலை. அந்தக் கைத்தடம் எனக்கு அழுக்கு, அவளுக்கு அதுதான் நான் பிழைத்த கணக்கு.

"யாருக்கும் போன் பண்ணாத" என்றேன் மகளிடம். "படமெல்லாம் போயிருச்சா?"

"படம் பத்திரமா இருக்கு. இடம்தான் போச்சு. சுவத்துல ஏதாவது அடையாளம் இருந்தா மறுபடி வெச்சிரலாம்."

முதலில் பழைய காலண்டர் தாள்களை ஒட்டிப் பார்த்தோம். புதுப் பெயின்ட் முழுதாக இறுகாமல் எந்த ஒட்டு டேப்பும் நிற்காது. இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒட்டினேன். எல்லாம் தலைகுப்புற விழுந்தன, விழும்போது ஒரு இடத்தில் பெயின்டையும் உரித்துக்கொண்டு வந்தன. வேறு வழியில்லை. பால்கனிக்குப் போய், மிச்சம் வைத்திருந்த வெள்ளையில் பழுப்பு நிறம் கலந்து ஒரு தட்டில் ஊற்றினேன். உள்ளங்கையை அதில் தோய்த்தேன்.

கை சுவர்வரைக்கும் போனது. அதற்குமேல் போகமாட்டேன் என்றது. எத்தனை வீட்டில் எத்தனை குழந்தைகளை, "காயற வரைக்கும் கைய வெக்காத" என்று விரட்டியிருக்கிறேன்! கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

கட்டில் அருகில் தொடங்கி, நடைவழி நெடுக, குளியலறைவரை நடந்தேன். அன்றைக்கு எப்படி நடந்தேனோ அப்படியே, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கை. பிறகு கூடத்திலும், வாசல் பக்கத்திலும், அலமாரி ஓரத்திலும் பிரஷ் நுனியாலும் கட்டைவிரலாலும் அங்கங்கே அடையாளம் வைத்தேன். மகள் பின்னாலேயே போனோடு வந்தாள். புள்ளிகள் விழுந்தன. அந்தப் புள்ளிகளைப் பார்த்து அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

"அம்மா," என்று மகள் அடுப்பங்கரைப் பக்கம் குரல் கொடுத்தாள். "படமெல்லாம் வெச்சிட்டேன். அப்பாவோட சட்டத்த எங்க வெக்க?"

கதவு திறக்கவில்லை. ஆனால் பதில் வந்தது. "முன்ன இருந்த எடத்துலதான். சுவிட்ச் போர்டுக்குக் கீழ."

மாலையில் எல்லோரும் வந்தார்கள். தையல்காரம்மா, ஏணி, பிசியோ பெண், கடைசியாக வீட்டுக்காரர். வெள்ளை அடிக்க நேற்று போனில் சம்மதித்த மனிதர், நடைவழி நெடுகக் கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பெயின்டர் இது?"

"ஆணி இல்லீங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

மகள் அவர் கையில் போனைக் கொடுத்துக் குளியலறைப் பக்கம் திருப்பிவிட்டாள். அவர் பார்த்தார். டிரில்லும் கொட்டுகிற தூளும் கைப்பிடியும் சுவரில் நின்றன. போனை இறக்கிவிட்டு உண்மைக் கைப்பிடியைப் பார்த்தார், மறுபடியும் போனை உயர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுவரைப்பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்காரம்மா வாத்துப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டு, "அட, என் வாத்து!" என்று கைதட்டினார். ஏணி தன் முதுகுக்கு முன்னால் போய் நின்றான். "நான் பின்னால இருந்து பாத்தா இப்படியா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினான். மனைவி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் படத்துக்குப் பக்கத்திலும் போய் அவர்களோடு நின்றாள், அவ்வளவுதான். அவர்களும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது.

"அங்கிளோட படம் எங்க?" என்று பிசியோ பெண் கேட்டாள்.

காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காத மனைவி, போனை வாங்கிக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். நான் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவள் போனை உயர்த்திப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். மெல்லிய பொன்னிறச் சட்டம், அழகாகத்தான் வரைந்திருந்தாள். சுவிட்ச் போர்டுக்குக் கீழே, அவள் சொன்ன இடத்தில், நீளமாக. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

என் கைகள் எல்லாம் சட்டத்துக்கு வெளியே இருந்தன. சுவிட்ச் போர்டுக்கு மேலே, வரிசையாக, சட்டத்தைத் தொடக்கூட இல்லை.

"சரியாத்தானே வெச்சேன்," என்று நான் உளறினேன். "அன்னைக்கு நடந்த மாதிரியேதான நடந்தேன்..."

பிசியோ பெண் குனிந்து சட்டம் இருந்த உயரத்தைப் பார்த்தாள், பிறகு என் கை இருந்த உயரத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "அங்கிள், அப்ப நீங்க பாதியா மடிஞ்சு நடந்தீங்க. கை அங்கதான் எட்டும். இப்ப நிமிர்ந்து நடக்குறீங்க."

நான் போய் அந்தப் பழைய உயரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அதற்கு நான் இடுப்பை வளைத்துக் குனியவேண்டியிருந்தது. இவ்வளவு கீழேயா இருந்தேன்? நான் இருந்தது எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மனைவி போனை இறக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கவும் செய்தாள்.

"அம்மா, சட்டத்த மேல தூக்கி வெச்சிரட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம். அது கீழயே இருக்கட்டும்."

"உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா."

"இல்லாதது நல்லதுதான்" என்றாள்.

அத்தனை பேருக்கும் முன்னால், பெயின்ட் ஒட்டிய கையோடு அவள் கையைப் பிடித்தேன். "நீ இல்லன்னா நான் இன்னும் அந்தக் கட்டில்லதான் கெடந்திருப்பேன். நன்றி" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வார்த்தையை அவளிடம் சொல்கிறேன். வாயிலிருந்து வந்த பிறகு அது அப்படியொன்றும் கஷ்டமான வார்த்தையாகத் தெரியவில்லை.

"மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்று இடுப்பில் இடித்தாள்.

நான் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்து, இன்னொருமுறை சொன்னேன்.